சாம்பார் வாளியும் தலைமைப் பண்பும்

நேற்று ராத்திரி கிட்டத்தட்ட மூன்றரை மணி வரை என் அண்ணன் மகளின் தலைமைப் பண்பைத் தேடிக்கொண்டிருந்தோம். ஐரோப்பாக்காரர்கள் நள்ளிரவோடு கதவைச் சாத்தினால், கோடையில் நமக்கு அது விடிகாலை மூன்றரை. குளிர்காலத்தில் என்றால் நாலரை.

பட்டம் முடித்தவர்களுக்குப் பயிற்சிப் பணி தரும் ஒரு சர்வதேசப் பொது நிறுவனம். பெயரைச் சொல்ல மாட்டேன். ஒருவேளை அவளுக்குக் கிடைக்காமல் போனால், சித்தப்பா எழுதினதுதான் காரணம் என்று அண்ணி ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். சர்வீஸ் முழுக்க 'பார்வையில் காணும் கடிதத்தின்படி' என்று எழுதியே காலம் தள்ளியவன் நான். அதனால் எனக்கு இங்கிலீஷ் வரும் என்று குடும்பத்தில் ஒரு வதந்தி உண்டு.

ரெஸ்யூமேயைப் பதிவேற்று என்கிறார்கள். பதிவேற்றினால், அதில் இருப்பதையெல்லாம் கட்டம் கட்டமாகத் திரும்பவும் தட்டச்சு செய் என்கிறார்கள். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட முடியாது. அப்பா பெயரைப் போட்டாள். போட்ட நிமிடமே ரிட்டயர் ஆன என் அண்ணனை 'அன்புள்ள' என்று விளித்து, பதிவு செய்ததற்கு நன்றி சொல்லி மின்னஞ்சல் வந்துவிட்டது. மொழிகள் கட்டத்தில் பிரெஞ்சு. பிளஸ் டூவில் மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சு. தமிழ் எடுத்தால் டோட்டல் குறையும் என்று ஊரே எடுத்த அதே பிரெஞ்சுதான். 'நடுத்தரம்' என்று குறித்துவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போனோம்.

ஏன் இந்தப் பணி என்ற கேள்விக்குச் 'சிறு வயது முதலே உங்கள் நிறுவனத்தில் பணியாற்றுவது என் கனவு' என்று எழுதினாள். சிறு வயதில் அவள் கனவு பஸ் கண்டக்டர் ஆவது. விசிலுக்காக.

பரிந்துரைப்பவர்கள் விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வருகிறேன்.

அதற்கு முன்னால் அந்தக் கேள்வி. 'நீங்கள் ஒரு குழுவை வழிநடத்திய சந்தர்ப்பத்தை 250 சொற்களுக்குள் விவரிக்கவும்.' சூழல், பணி, செயல், விளைவு என்ற வரிசையில் சொல்ல வேண்டுமாம். அதிலும் 'நாங்கள்' என்று எழுதக்கூடாது, 'நான்' என்றுதான் எழுத வேண்டும் என்று வழிகாட்டிகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் சொல்கின்றன.

யோசித்துப் பார்த்ததில் அவள் வாழ்க்கையில் குழு என்று இருந்தது பெரியப்பா பேத்தி கல்யாணத்துப் பந்தி ஒன்றுதான்.

"சித்தப்பா, நான் சாம்பார் வாளியைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான். பரிமாறினது கான்ட்ராக்டர் ஆள்."

"ஒருங்கிணைச்சேன்னு போடும்மா."

போட்டாள். அதற்கப்புறம் என்னை நிறுத்த முடியவில்லை. மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர், பெண் வீடு திருநெல்வேலி. ஆகவே பல்பண்பாட்டுச் சூழல். இரண்டாம் பந்தியில் ரசம் தீர்ந்தது வளப் பற்றாக்குறை. அதில் வெந்நீர் விளாவியது புத்தாக்கம். அப்பளம் வராத சம்பந்தி இலையை முன்பக்கமாக மடிக்கக் கை வைத்தார். அவள் ஓடிப்போய் இரண்டு அப்பளம் போட்டாள். அது மோதல் தவிர்ப்பு. சாப்பிடுகிறவர் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, அவர் மோருக்கு எப்போது வருவார் என்று இலையை எட்டிப் பார்த்தபடி நிற்பார்களே, அவர்கள் காத்திருக்கும் பயனாளிகள். மூன்று வயசுக் குழந்தைக்கும் தனி இலை போடச்சொன்ன அத்தை, எவரையும் விட்டுவிடாத வளர்ச்சிக்குக் குரல் கொடுத்தவர். எச்சில் இலை மாட்டுக்குப் போனது சுற்றுச்சூழல். தாம்பூலப் பை தீர்ந்துபோய்க் கடைசி ஆட்களுக்கு வெறும் தேங்காயைக் கையில் கொடுத்தது, திட்ட நிறைவுக் கட்டத்தில் நிதிச் சீரமைப்பு. விளைவு: அனைவரும் சாப்பிட்டனர். 'இலக்கு நூறு சதவீதம் எட்டப்பட்டது' என்றேன். மொய் வசூலை அளவிடக்கூடிய விளைவாகச் சேர்க்கலாமா என்று நான் கேட்டபோது அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அத்தனையும் 'நான்'. வாழை இலை நறுக்கியவர், விறகடுப்பில் வெந்தவர், இரண்டு ஊர் சனத்தையும் கையெடுத்துக் கும்பிட்டு உட்காரவைத்த பெரியப்பா, ஒருவருக்கும் 250 சொற்களில் இடமில்லை. நாடுகளெல்லாம் ஒன்றுகூடி நடத்தும் நிறுவனங்கள்தான் பிள்ளைகளிடம் 'நாங்கள் என்று சொல்லாதே' என்கின்றன. இது எனக்கு உண்மையிலேயே பிடிக்கவில்லை.

இந்த மாதிரி நிறுவனங்களின் காசு விஷயமும் பிடிக்கவில்லை. ஐ.நா. சாசனத்தின் 101ஆவது பிரிவு, ஊழியர்களைத் திறமையும் நேர்மையும் பார்த்து எடுக்க வேண்டும், இயன்றவரை பரந்த நிலப்பரப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்கிறது. நல்ல வாசகம். உயர்நிலை ஊழியர்களின் சம்பளத்துக்கு லீக் ஆஃப் நேஷன்ஸ் காலத்து நோபிள்மேர் கோட்பாடு இருக்கிறது: உலகில் மிக அதிகமாகச் சம்பளம் தரும் அரசுப் பணிக்கு ஈடாகத் தர வேண்டும். ஆனால் ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்ஷிப் போகும் பிள்ளைக்குச் சம்பளம் கிடையாது. விமான டிக்கெட், விசா, அறை வாடகை, காப்பீடு எல்லாம் அப்பா தலையில். 2015இல் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் அப்படி ஜெனீவா போய், ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கினார். பரந்த நிலப்பரப்பு என்பதை அவர் சரியாகவே புரிந்துகொண்டார். படம் உலகமெங்கும் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் உதவித்தொகை தரத் தொடங்கியது. ஐரோப்பிய ஆணையத்தின் ஐந்து மாதப் பயிற்சிக்கும் மாதாமாதம் பணம் உண்டு. கொடுக்க முடியாது என்பதில்லை, மனசுதான் வேண்டும்.

எங்கள் விண்ணப்பம் கதவு சாத்தப் பத்து நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தது. பரிந்துரைப்பவர்கள் கதைக்கு இங்கே இடம் இல்லை. அவர்களில் ஒருவர் இதைப் படிக்கவும் கூடும். அனுப்பி முடித்ததும் திரையில் ஒரு வரி: தேர்வானவர்களை மட்டுமே தொடர்புகொள்வோம். மற்றவர்களுக்குப் பதிலே கிடையாது. இல்லை என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பத் தெரியாதவர்கள், 'உங்கள் தகவல் தொடர்புத் திறனுக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக' என்று என் அண்ணன் மகளைக் கேட்கக்கூடாது.