பொத்தானுக்குள் எவ்வளவு வைக்கலாம்?

கேள்வி: திரையரங்க முன்பதிவுக்காக விண்டோஸ் ஃபார்ம்ஸில் நிரல் எழுதுகிறேன். இருக்கைக்கு ஒன்றாக நூறு பொத்தான்கள். நூறு ஈவன்ட் ஹேண்ட்லர் எழுத வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம், ஒன்றே போதும். எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பது ஹேண்ட்லரின் ‘செண்டர்’ அளபுரு வழியாகக் கைக்கு வந்துவிடும். இருக்கை எண்ணை அந்தப் பொத்தானின் ‘டேக்’ பண்பில் வைத்துவிடுங்கள். 1995-இல் வந்த டெல்ஃபி என்ற நிரலாக்கக் கருவியில் டேக் வெறும் முழு எண். விண்டோஸ் ஃபார்ம்ஸிலோ அது எந்தப் பொருளையும் ஏற்கும். எடுக்கும்போது வகைமாற்றம் செய்ய மறக்காதீர்கள்.

பொத்தான்மேல் உள்ள எழுத்தைப் படித்து இருக்கையைக் கண்டுபிடிக்க மட்டும் முயலாதீர்கள். ‘ஏ1’ என்பதை நாளைக்கு ‘அ1’ என்று மாற்றினால் நிரல் நடுத்தெருவில் நிற்கும்.

இருக்கை விற்றதா இல்லையா என்பதையும் சிலர் பொத்தானிலேயே, அதுவும் அதன் நிறத்தில், வைக்கிறார்கள். எனக்குப் பொறுக்காத விஷயம் இது. கோயில் வாசலில் தரும் டோக்கனில் எண்தான் இருக்கும், செருப்பு அலமாரியில்! அதுபோல இருக்கையின் நிலவரம் தனி வகுப்பில் இருக்கட்டும், பொத்தான் அதைக் காட்டினால் போதும். தரவையும் தோற்றத்தையும் பிரிக்கும் இந்த வழியை டிரிக்வே ரீன்ஸ்காக் 1979-இலேயே ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வகுத்துவிட்டார்.

சாளரத்தை மூடித் திறந்தாலும் விற்ற இருக்கை விற்றதாகவே இருக்க வேண்டும். ஒரே இருக்கைக்கு இருவர் சண்டை போடுமுன் நிறத்தை நம்புவதை விடுங்கள்.