கிளட்ச் ப்ளேட்டின் மேல் விழும் பழி

எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே நின்று, ஓட்டுபவர் வேண்டும்போது இரண்டையும் சேர்த்தும் வேண்டாதபோது பிரித்தும் வைக்கும் உறுப்பே கிளட்ச் எனப்படும். அதனுள் உராய்வுப் பட்டை ஒட்டிய தட்டுகளும் வெறும் எஃகுத் தட்டுகளும், கலியாணப் பந்தியில் பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் ஒருவர் விட்டு ஒருவராக உட்கார வைத்ததைப் போல, மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடித்திருக்கும்வரை இரு தரப்பும் ஒற்றுமையாகச் சுழலும். இடக்கைப் பிடியை இழுத்ததும் அழுத்தம் நீங்கி, அவரவர் தம் வழியைப் பார்த்துக்கொள்வர். ஏறத்தாழ எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் பொதுவான இந்த ஏற்பாடு, வார்ப்பிரும்பு எஞ்சின் பூட்டிய பழைய புல்லட் 350-ல் மட்டும் கூடுதலாக ஒரு பொறுப்பை ஏற்றிருக்கிறது. வண்டியில் எது பழுதானாலும் அதற்கான பழியை முதலில் சுமப்பது கிளட்ச் ப்ளேட்டே.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிய பின்னர், திருவொற்றியூர் ஆலையில் உருவான புல்லட்டின் எஞ்சின், 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட 346 சி.சி. அளவிலேயே, தாய்நாட்டில் உற்பத்தி நின்றுபோன பிறகும், பல பத்தாண்டுகள் பெரிய மாறுதலின்றித் தொடர்ந்தது. வடிவம் மாறாததால் அதைப் பற்றிய அறிவுரைகளும் காலாவதியாகவில்லை. தாத்தா தம் வண்டிக்குக் கேட்டுக்கொண்ட யோசனை பேரனின் வண்டிக்கும் ஒரு சொல் மாறாமல் வழங்கப்படுகிறது. அந்த யோசனை பெரும்பாலும், “ப்ளேட்டு போயிருச்சு சார், மாத்திடலாம்” என்பதுதான்.

ப்ளேட் போனதற்கான அடையாளங்கள் இரண்டு. முதலாவது ஸ்லிப், அதாவது எஞ்சின் இரைந்தும் வண்டி வேகமெடுக்காத நிலை. புல்லட்டின் கிக்கர் கியர் பெட்டியில் அமைந்திருப்பதால், உதைப்பவரின் பலம் கிளட்சைக் கடந்தே எஞ்சினை அடைய வேண்டும். எனவே இந்நோய் சாலையில் தெரிவதற்கு முன்பே வீட்டு வாசலில் தெரிந்துவிடும். டிகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்மீட்டர் முள் நடுவே வந்து நிற்பதைப் பார்த்து, மூச்சை அடக்கி உதைத்துப் பழகிய ஒருவருக்கு, கிக்கர் ஒருநாள் வெண்ணெயாய் இறங்குமானால், தம் உடல்வலிமை கூடிவிட்டதாகவே முதலில் தோன்றும். எஞ்சின் அசையவே இல்லை என்பதை அருகில் நிற்கும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவது அடையாளம், பிடியை முழுதாக இழுத்தும் தட்டுகள் பிரியாமல், கியர் போட்டவுடன் வண்டி தானே நகரத் துடிப்பது. இதைக் கிளட்ச் ஒட்டுகிறது என்பர். இரவு முழுவதும் எண்ணெயில் ஒட்டிக் கிடந்த தட்டுகளை, காலையில் கிளட்சைப் பிடித்தபடியே சிலமுறை கிக்கரை உதைத்துப் பிரித்துவிடலாம். தெருவில் பார்ப்பவருக்கு இது ஸ்டார்ட் ஆகாத வண்டியோடு நடக்கும் போராட்டமாகத் தெரியும் என்பது தனிச் சங்கடம்.

இவ்விரண்டு குறைகளுக்கும் ப்ளேட்டுகளைத் தவிர வேறு காரணங்கள் ஏராளம். கிளட்ச் கேபிளில் சிறிது தளர்வு, மெக்கானிக் மொழியில் ஃப்ரீ ப்ளே, இல்லாவிட்டால் தட்டுகள் முழு அழுத்தம் பெறாமல் வழுக்கும். அது மிகுந்துவிட்டால் பிரியாமல் ஒட்டும். பழைய புல்லட்டில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் கிளட்ச் இருக்கும் செயின் கேஸுக்கும் தனித்தனி எண்ணெய் என்பதால், செயின் கேஸில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கொண்ட கார் எண்ணெயை அன்புமிகுதியால் ஊற்றுவோர் உண்டு. உராய்ந்தே பிழைக்க வேண்டிய ஓர் உறுப்புக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இருக்க முடியாது. கேபிளைத் திருகிச் சரிசெய்யவும் எண்ணெயை மாற்றவும் ஆகும் செலவு அற்பம். அற்பச் செலவில் முடியும் வைத்தியத்தை நோயாளியும் நம்புவதில்லை, வைத்தியரும் விரும்புவதில்லை. ஆகவே ப்ளேட் வாங்க ஆள் புறப்பட்டுவிடுகிறது.

சென்னையில் இதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் உள்ளன. கடைக்காரர் ஒரே அளவுள்ள செட்டுகளைக் கம்பெனி சாமான், கம்பெனி மாதிரி, லோக்கல் என வரிசைப்படுத்தி முன்வைப்பார்; இவற்றின் வேறுபாட்டைக் கண்ணால் அறிய இயலாது, விலையால் மட்டுமே அறியலாம்.

வேலை என்று பார்த்தால் அதில் பெரிய நுட்பம் இல்லை. இடக் கால்மிதியைக் கழற்றி, பிரேக் மிதியை ஒதுக்கி, செயின் கேஸ் மூடியை நடுவில் பிடித்திருக்கும் ஒரே ஒரு நட்டைத் திருகி எடுத்தால் மூடி கையோடு வரும். அதற்கு முன்பே உள்ளிருக்கும் எண்ணெய், அடியில் வைத்த தட்டில் ஒரு பகுதியும் தரையில் மறுபகுதியுமாக வந்துவிடும். ஸ்பிரிங்குகளைக் கழற்றி, தட்டுகளை உருவி, எஃகுத் தட்டுகளைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து வளைந்திருக்கின்றனவா எனச் சோதித்து, தட்டுகளின் காதுகள் நுழையும் கிளட்ச் கூடையின் பள்ளங்களில் தேய்மானக் குழி விழுந்திருந்தால் அரத்தால் சமன்செய்து, புதிய உராய்வுத் தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்து, அதே வரிசையில் அடுக்க வேண்டும். ஸ்பிரிங்குகளின் உயரம் ஒன்றுபோல் இல்லாவிட்டால் அழுத்தும் தட்டு கோணலாகத் தூக்கும். பிடியை இழுத்தபடி கிக்கரை மெல்ல உதைத்து, அத்தட்டு ஆடாமல் சுழல்கிறதா என்று பார்ப்பது நல்ல மெக்கானிக்கின் இலக்கணம். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றின் கிளட்சில், பாட்டில் அடைக்கும் கார்க்கே உராய்வுப் பொருளாக இருந்தது என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டால், இன்றைய லோக்கல் ப்ளேட்டின் மேலும் ஓரளவு மரியாதை பிறக்கும்.

உண்மையான சோதனை மூடியைத் திரும்பப் போடும்போதுதான் தொடங்குகிறது. சுற்றிலும் பத்துத் திருகாணிகள் செய்ய வேண்டிய வேலையை நடுவில் ஒரே நட்டுக்கு ஒதுக்கிய வடிவமைப்பாளரின் சிக்கனம், ஓரத்தின் ரப்பர் சீல் எங்கெங்கே அமரவில்லையோ அங்கெல்லாம் துளித்துளியாக வெளிப்படும். ஒழுகினால் இறுக்கு என்பது மனித இயல்பு; ஆனால் நட்டை மேலும் இறுக்க, மூடியின் நடுப்பகுதி உள்வாங்கி ஓரம் விலகுவதால் ஒழுக்கு கூடும், அதைக் கண்டு இன்னும் இறுக்கப்படும். பக்கத்து டீக்கடையிலிருந்து கண்ணாடி கிளாசோடு வந்து நிற்பவர்கள் இக்கட்டத்தில் இரு பிரிவாகப் பிரிவர்: இறுக்கச் சொல்பவர்கள் ஒருபுறம், அனபாண்டு பசை தடவச் சொல்பவர்கள் மறுபுறம். சீலைக் கழற்றித் துடைத்து மீண்டும் ஒழுங்காகப் பொருத்தலாம் என்னும் மூன்றாம் கருத்துக்கு ஆதரவாளர் கிடைப்பது அரிது.

இவ்வளவுக்கும் பிறகு வண்டி வழுக்காமல் ஓடுகிறது. கூடவே எண்ணெய் மாற்றப்பட்டதையும் கேபிள் சரிசெய்யப்பட்டதையும் யாரும் கணக்கில் கொள்வதில்லை. கழற்றிய பழைய ப்ளேட்டுகளைப் புதிய செட்டின் அட்டைப்பெட்டியில் போடும்போது, தடிமனில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடில்லை என்பதை உரிமையாளர் கவனித்து, அவற்றை எறிய மனமின்றிப் பரண்மேல் வைக்கிறார். அடுத்தமுறை கிளட்ச் வழுக்கும்போது, புதிய ப்ளேட் இத்தனை சீக்கிரம் போய்விட்டதே என்று நொந்து, இந்தக் காலத்துச் சாமான்களின் தரத்தைப் பற்றி நெடுநேரம் பேசி, பரணிலிருந்து அந்தப் பழைய செட்டை இறக்கி மாட்டச் சொல்கிறார். மெக்கானிக்கும் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, “இது கம்பெனி சாமான் சார், இப்பல்லாம் எங்க கிடைக்குது” என்று சொல்லி, புதிய எண்ணெய் ஊற்றி மூடுகிறார்.