காபி மெஷினில் பிழிந்த முள்முறுக்கு

முதல் குற்றவாளி ஒரு பசுமாடு.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், டிகாப் வட்டாரத்தில் ஹென்றி ரோஸ் என்றொரு சம்சாரி. அவர் வீட்டு மாடு வேலியை முட்டிப் பிரிப்பதில் பட்டம் வாங்கியது. நம்மூரில் இப்படிப்பட்ட மாட்டுக்குக் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஓடினால் முழங்காலில் இடிக்கும், தானே அடங்கும். ரோஸ் ஒரு படி மேலே போனார். பலகை ஒன்றில் கூரான கம்பி முனைகளைப் பதித்து மாட்டின் தலையிலேயே கட்டிவிட்டார். இனி முட்டினால் முட்டிய தலைக்கே வலி. கொஞ்ச நாளில் அவருக்கு ஞானம் பிறந்தது. ஊரில் இருக்கிற மாட்டுக்கெல்லாம் கிரீடம் சூட்டிக்கொண்டு திரிய முடியாது. பலகையை வேலியில் தொங்கவிட்டால் வருகிற மாடு எல்லாவற்றுக்கும் ஒரே பூசைதான். 1873 மே மாதம் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வருடமே டிகாப் பொருட்காட்சியில் கொண்டுபோய் வைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு. பார்க்க வந்த கூட்டத்தில் மூன்று பேர் நின்றார்கள்.

ஜோசப் கிளிடன் விவசாயி, முன்னாள் ஷெரீஃப், வயது அறுபது. ஐசக் எல்வுட் இரும்புக்கடைக்காரர். ஜேகப் ஹைஷ் மரக்கடைக்காரர், ஜெர்மனியில் பிறந்தவர். மூவரும் ஒரே பலகையை ஒரே மாதிரி முறைத்துப் பார்த்துவிட்டு, மூன்று வீட்டுக்குப் போய் மூன்று பேரும் தனித்தனியே ஒரே விஷயத்தை யோசித்தார்கள்: பலகை எதற்கு, முள்ளைக் கம்பியிலேயே கட்டினால் என்ன? இவர்களுக்கு முன்னாலேயே அதை யோசித்தவர்கள் உண்டு. 1867-ல் லூசியன் ஸ்மித், 1868-ல் மைக்கேல் கெல்லி என்று காப்புரிமை வாங்கியவர்களும் உண்டு. ஆனால் வரலாறு முதலில் வந்தவரைப் பார்த்து எழுந்து நிற்பதில்லை. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தாலும் இலையைச் சரியாகப் போட்டவருக்குத்தான் சோறு.

இவர்கள் எல்லோரும் வேலிக்காகத் தவித்ததற்குக் காரணம் இருந்தது. 1862-ன் குடியேற்றச் சட்டம், வந்து உழுகிறவனுக்கு 160 ஏக்கர் என்று அள்ளிக்கொடுத்தது. கொடுத்த இடமோ மரமே இல்லாத புல்வெளி. வேலிக்குக் கழி இல்லை, கல் இல்லை. உயிர்வேலியாக ஓசேஜ் ஆரஞ்சுச் செடியை நட்டால் அது வளர்ந்து ஆளாக மூன்று நான்கு வருடம். அதுவரை மாட்டிடம் பொறுமை காக்கச் சொல்ல முடியுமா? வெறும் கம்பியைக் கட்டிப் பார்த்தார்கள். வெயிலில் நீண்டு தொய்ந்தது, பனியில் சுருங்கி அறுந்தது. இரண்டுக்கும் நடுவே நன்றாக இருந்த நாட்களில் மாடுகள் அதில் சாய்ந்து சொறிந்துகொண்டு, அப்படியே உள்ளே வந்தன.

கிளிடன் வேலையைத் தொடங்கிய இடம் அடுக்களை. ஊர் சொல்லும் கதைப்படி முதல் முள்ளுக்கு மனைவி லூசிண்டாவின் கொண்டை ஊசி பலியானது. அடுத்தது கையால் சுற்றிக் காபிக்கொட்டை அரைக்கும் மெஷின். அதைத் திருத்தி, சின்னக் கம்பித் துண்டுகளை வளைத்து முள் செய்யும் யந்திரமாக்கிவிட்டார். நம் வீட்டில் இது நடந்திருந்தால் அந்த உரையாடல் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“என்னங்க, காபி மெஷினைக் காணோமே?”

“கொல்லையில இருக்கு.”

“கொல்லையில காபி மெஷினுக்கு என்ன வேலை?”

“மாட்டுக்கு.”

அதற்கு மேல் அந்த வீட்டில் ஒரு வாரத்துக்குக் காபி கிடையாது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியும் திறந்தவெளியாகவே இருந்திருக்கும்.

முள் தயார். ஆனால் கம்பியில் கோத்த முள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மாடு உரசினால் வழுக்கிக்கொண்டு ஓரமாகப் போய், எல்லா முள்ளும் ஒரே இடத்தில் கூடி மாநாடு போட்டன. கிளிடன் சாணைக்கல்லைப் பார்த்தார். இரண்டு கம்பியின் நுனிகளைச் சாணைக்கல்லின் அச்சில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினார். இரண்டும் கயிறு திரிப்பதுபோல ஒன்றையொன்று பின்னிக்கொண்டன; நடுவில் மாட்டிய முள் அசையவில்லை. கூடவே இன்னொரு லாபம். முறுக்கிய கம்பிக்குச் சுருள்வில்லைப் போலக் கொஞ்சம் நெளிவு உண்டு. வெயிலுக்கும் பனிக்கும் அது ஒற்றைக் கம்பியைவிடத் தாங்கியது. தீபாவளிக்கு அச்சில் பிழிந்து எடுக்கும் முள்முறுக்கைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, ஏறக்குறைய அதுதான். எண்ணெயில் பொரிக்கவில்லை, அவ்வளவே.

எல்வுட்டும் சும்மா இருக்கவில்லை. அவரும் ஒரு முள்கம்பி செய்து காப்புரிமையும் வாங்கியிருந்தார். ஒருநாள் மனைவியோடு வண்டியில் போய் கிளிடன் வேலியைப் பார்த்தார். ‘நம்முடையதைவிட இது நன்றாக இருக்கிறது’ என்பது அந்த அம்மாளின் தீர்ப்பு என்று சொல்வார்கள். கணவன்மார் இப்படிப்பட்ட தீர்ப்புகளுக்கு மேல்முறையீடு செய்து நேரத்தை வீணாக்குவார்கள். எல்வுட் வியாபாரி. நேராகப் போய் 265 டாலர் கொடுத்துப் பாதிப் பங்கை வாங்கிவிட்டார். 1874 நவம்பர் 24-ல் கிளிடனுக்குக் காப்புரிமை எண் 157,124 கிடைத்தது. 1876-ல் மாசசூசெட்ஸின் வாஷ்பர்ன் அண்ட் மோயன் கம்பெனி கிளிடனின் மீதிப் பாதியை 60,000 டாலருக்கும் ஒரு ராயல்டிக்கும் வாங்கியது. அது பியானோவுக்கும், சீமாட்டிகளின் பாவாடை குடைபோல விரிந்து நிற்பதற்கும் கம்பி இழுத்துக் கொடுத்துப் பெரிதான கம்பெனி. பாவாடை மோஸ்தர் போய்விட்டது. மாடு எந்தக் காலத்திலும் மோஸ்தர்தான்.

ஹைஷ் மட்டும் ஒதுங்கி நின்று கொதித்தார். ‘எஸ்’ எழுத்துபோல வளைந்த முள்ளைச் செய்து, கண்டுபிடித்தவன் நான்தான் என்று சாகும்வரை சொன்னார். அவர் சாக வெகுகாலம் ஆயிற்று. 1926-ல், நூறுக்கு ஒன்று குறைவாக இருக்கும்போது. கோபம் ஆயுளுக்கு நல்லது போலும்.

இனி விற்க வேண்டும். டெக்சாஸ் மாட்டுக்காரர்கள் நம்பவில்லை: நூல்போல ஒரு கம்பி எங்கள் நீளக்கொம்பு மாட்டை நிறுத்துமாக்கும்! 1876-ல் ஜான் கேட்ஸ் என்ற இருபத்தொரு வயது விற்பனையாள் சான் அன்டோனியோ நகரின் நடுச்சதுக்கத்தில் முள்கம்பியால் ஒரு பட்டி கட்டி, முரட்டு மாடுகளை உள்ளே விட்டான். நம்மூரில் ஜல்லிக்கட்டு என்றால் மாட்டின் பக்கம் கைதட்டல் விழும். அங்கே அன்று கம்பி ஜெயித்தது. முட்டிய மாடுகள் திரும்பிப் போய் யோசித்தன. ஆர்டர் குவிந்தது. 1874-ல் நாடு முழுக்க 10,000 பவுண்டு எடை முள்கம்பி விற்றது. 1880-ல் 8 கோடி பவுண்டு. கேட்ஸ் கம்பெனியைவிட்டுப் பிரிந்து தானே ஆலை போட்டு, உரிமம் இல்லாத கம்பியை விற்றான். கள்ளச்சாராயத்துக்கு வைத்த பெயரையே அந்தக் கம்பிக்கும் வைத்தார்கள். பின்னாளில் ரயில் ஜன்னலில் வழியும் மழைத்துளிகளில் எது முந்தும் என்றுகூடப் பந்தயம் கட்டியவன் என்பார்கள்.

இதுவரை எல்லோரும் முள்ளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள், கவனித்தீர்களா? காப்புரிமை முள்ளுக்கு, பணம் முள்ளுக்கு, சண்டை முள்ளுக்கு. முள்கம்பிக்கென்று 500-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள். நட்சத்திர முள், தகட்டு முள், சக்கர முள் என்று சேட்டுக் கடைக் காதுத்தோடு மாதிரி தினுசுகள். ஆனால் தொய்ந்து கிடக்கும் முள்கம்பி வேலி இல்லை. அது தரையில் கிடக்கும் வில்லங்கம். அதை விறைக்க இழுத்துக் கட்டினவனுடைய பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அவன் என்ன செய்தான்? மாட்டுவண்டியோ குதிரைவண்டியோ, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி முட்டுக்கொடுத்தான். கம்பியின் நுனியைச் சக்கரக் குடத்தில் சுற்றினான். ஆரக்காலைப் பிடித்துச் சக்கரத்தைத் திருப்ப, கம்பி மெல்ல மெல்ல விறைத்து ‘ணங்’ என்றது. பிறகு பல்சக்கரமும் தடுப்பு நாக்கும் வைத்த இழுப்பான்கள் வந்தன; கிணற்று ராட்டினத்தின் தம்பி, கப்பிக்கயிறும் வந்தது. எதுவானாலும் ஆபத்து ஒன்றே. ஒரு சுற்று குறைந்தால் தொய்வு. ஒரு சுற்று கூடினால் அறுந்து, சாட்டைபோலத் திரும்பி வந்து முகத்தில் முத்தமிடும், முள்ளோடு. மூலைக்கால் சரியாக ஊன்றாவிட்டால் இன்னும் விசேஷம்: இழுக்க இழுக்கக் கம்பி வராது, மூலைக்கால்தான் நம்மை நோக்கி நடந்து வரும். அதனால்தான் நம் தோட்டங்களிலும் மூலைக்கல்லுக்கு முட்டுக்கல் கொடுக்காமல் கம்பியைத் தொடமாட்டார்கள்.

இந்தத் தொழிலில் பிறந்த கருவிகளில் எனக்குப் பிடித்தது வேலிக் குறடு. ஒரே உடம்பில் சுத்தியல் முகம், ‘யு’ ஆணியைப் பிடுங்கும் கொக்கி, கம்பியை முறுக்கும் தாடை, கம்பியை வெட்டும் வாய். வேலி போட இது ஒன்று போதும். வேலியை ஒழிக்கவும் இது ஒன்று போதும். இதை வடிவமைத்த புண்ணியவான் எந்தக் கட்சியையும் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை.

1883-ல் டெக்சாஸில் மழை பொய்த்தது. பெரிய பண்ணைக்காரர்கள் தங்கள் நிலத்தோடு சேர்த்து ஊர்ப் பொதுநிலம், பாதை, குளம் எல்லாவற்றையும் வளைத்து முள்கம்பி போட்டிருந்தார்கள். பண்ணையார் வழக்கம் உலகெங்கும் ஒன்றே. தண்ணீருக்கு வழியில்லாத சிறு மாட்டுக்காரர்கள் ராத்திரியில் குறட்டோடு புறப்பட்டார்கள். ஆந்தைகள், நீலப் பிசாசுகள் என்று கூட்டங்களுக்குப் பெயர் வேறு. வேலை என்னவோ ‘டிக், டிக்’ என்று கம்பி நறுக்குவதுதான். ஆள் செத்தது, மேய்ச்சல் எரிந்தது. 1884-ல் சட்டசபையைச் சிறப்பாகக் கூட்டி, வேலி வெட்டினால் ஒன்று முதல் ஐந்து வருடம் சிறை என்றார்கள். பொதுப்பாதையை மறித்து வேலி போட்டவர் மூன்று மைலுக்கு ஒரு கதவு வைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். வெட்டினவனுக்குச் சிறை, வளைத்தவனுக்குக் கதவு.

அதற்கும் அடங்காத நவரோ வட்டாரத்துக்கு 1888-ல் ஐரா ஏட்டன் என்ற டெக்சாஸ் ரேஞ்சர் படைக்காரர் மாறுவேடத்தில் போனார். பண்ணைக்கூலியாக நடித்து ராத்திரி ராத்திரியாகப் புதரில் படுத்துக் கொசுக்கடி வாங்கியதில் அவருக்குப் பொறுமை போயிற்று. பழைய துப்பாக்கியையும் டைனமைட்டையும் சேர்த்து வேலியில் ஒளித்து வைத்து, கம்பியை வெட்டினால் வெடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்தார். செய்ததோடு விட்டாரா, மேலிடத்துக்குப் பெருமையாகக் கடிதமும் எழுதிவிட்டார். மேலிடம் பதறிப்போய் உடனே நிறுத்தச் சொன்னது. வேலியைக் காப்பாற்ற வேலியையே வெடிவைத்துத் தகர்ப்பது என்ற தத்துவம் அரசாங்கத்துக்கே அந்நியமாகப் பட்டதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை காலமும் நீதிமன்றத்தில் முள் வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது. கம்பியைவிட நன்றாகவே இழுத்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை வந்த வழக்கில் வாஷ்பர்ன் கம்பெனிக்கு எதிர்க்கட்சியின் பெயர், சத்தியமாக, ‘பீட் எம் ஆல்’ முள்கம்பிக் கம்பெனி. எல்லோரையும் தோற்கடிப்போம் என்று பொருள். கிளிடனுக்கு வெகுகாலம் முன்பே மார்லி என்பவர் இதையெல்லாம் செய்து டெல்லியில் பொருட்காட்சியில் வைத்தார் என்று வாதம் வேறு. நம் டெல்லி இல்லை. அயோவா மாநிலத்து டெல்லி. நீதிபதிகள் அந்த டெல்லிக் கதையை நம்பவில்லை. 1892 பிப்ரவரி 29-ல், லீப் வருடத்து உபரி நாளில், கிளிடன் காப்புரிமை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. எல்லோரையும் தோற்கடிப்போம் கம்பெனி தோற்றது. சின்னச் சிக்கல் ஒன்றுதான். அந்தக் காப்புரிமையின் ஆயுள் 17 வருடம். தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்பே அது காலாவதி ஆகியிருந்தது.

ஊருக்கு என்ன மிச்சம்? டிகாப் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிக்கு இன்றும் ‘முட்கள்’ என்றுதான் பெயர்.

இழுத்துக் கட்டும் வேலைக்கு ஒருவழியாக ஆள் கிடைத்த இடம் பூமியின் மறுகோடி. நியூசிலாந்தின் ஒட்டாகோ உள்பகுதியில் ஒட்டுரெஹுவா என்ற குக்கிராமம். இங்கிலாந்திலிருந்து வந்த எர்னஸ்ட் ஹேய்ஸ் அங்கே 1895-ல் ஒரு பட்டறை வைத்தார். முதல் சரக்கு முயல் ஒழிப்புக்கு: விஷம் கலந்த தவிட்டுப் பிண்டத்தைத் துண்டு போடும் கருவி. அப்புறம் அவர் கவனம் வேலிக்கம்பியின் விறைப்பின்மேல் போனது. அவர் பட்டறை செய்த சங்கிலி இழுப்பான் இயங்குவதைப் பார்த்தால் நமக்குப் பனையேறி ஞாபகம் வரும். கை பிடித்திருக்கும்போது கால் ஏறும். கால் பிடித்திருக்கும்போது கை ஏறும். இங்கே இரண்டு பிடி, ஒரு சங்கிலி, ஒரு நெம்புகோல். நெம்புகோலை முன்னும் பின்னும் ஆட்டினால் ஒரு பிடி தாங்க மறுபிடி கண்ணி கண்ணியாக முன்னேறும்; கம்பி இழுக்க இழுக்கப் பிடி இன்னும் இறுகும். ஒற்றை ஆள், வண்டிச்சக்கரம் இல்லாமல், முகம் கிழியாமல் வேலி கட்டிவிடலாம்.

விற்றது யார்? மனைவி ஹன்னா. பட்டறையின் ஆரம்ப வருடங்களில் சைக்கிளில் ஏறி, பண்ணை பண்ணையாகப் போய் ஆர்டர் பிடித்தவர் அவர். அந்த மேட்டுநிலத்துச் சரளைப் பாதையில், அந்தக் காலத்துச் சைக்கிளில், அந்தக் காலத்துப் பாவாடையோடு. லூசிண்டா ஒரு காபி மெஷினை இழந்ததோடு தப்பித்தார் என்றே சொல்ல வேண்டும். ஒட்டுரெஹுவா பட்டறை இன்று பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். ஹேய்ஸ் பெயர் போட்ட இழுப்பான்கள் இன்றும் விற்கின்றன.

எங்கள் தோட்டத்தில் போன வருடம் கம்பிவேலி போட்ட ஆளிடம் அப்படி எதுவும் இல்லை. ஒரு கடப்பாரை இருந்தது, நம்பிக்கை இருந்தது. “இழுத்தது போதுமா தம்பி?” என்று கேட்டேன். “வீணை மாதிரி இருக்குண்ணே” என்றான். சித்திரை வந்ததும் வீணை ஊஞ்சலாயிற்று. மேல்கம்பியில் அண்ணி போர்வை காயப்போடுகிறார், முள் இருப்பதால் கிளிப் வேண்டாமாம். நடுக்கம்பியில் பக்கத்துத் தோட்டத்து மாடு தினமும் சாயங்காலம் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, கிளிடன் முள்ளில் கழுத்தைச் சொறிந்துவிட்டுப் போகிறது.