பஞ்சரைச் சூழ்ந்து நிற்றல்: ஒரு பன்முக நோக்கு

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டமாகச் சைக்கிள் மிதிப்போரின் வாழ்வியல் குறித்து முழுமையான ஆய்வு இதுவரை வெளிவரவில்லை. ‘இதுவரை வெளிவரவில்லை’ என்று தொடங்குவது ஆய்வு மரபு. வெளிவந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது மரபில் இல்லை என்பதால் நானும் பார்க்கவில்லை.

ஆய்வு எல்லை வருமாறு: வடக்கே திருவான்மியூர், தெற்கே மாமல்லபுரம், கிழக்கே வங்கக் கடல், மேற்கே வீட்டில் இருப்பவர்களின் பொறுமை. கால எல்லை, காலை ஐந்து மணி முதல் வெயில் சுள்ளென்று ஏறும்வரை. அணுகுமுறை, பங்கேற்பு உற்றுநோக்கல். அதாவது ஆய்வாளரும் கூடவே மூச்சு வாங்கினார்.

முதலில் திணை. தமிழில் எதை ஆராய்ந்தாலும், அது மின்கம்பமே ஆனாலும், முதல், கரு, உரி என்று பிரித்துக் காட்டாவிட்டால் கட்டுரை தேறாது. சாலை கடலோரம் போகிறது. ஆகவே நிலம் நெய்தல். ஆனால் நெய்தலுக்குத் தொல்காப்பியர் வகுத்த சிறுபொழுது எற்பாடு. நம்மவர்கள் கிளம்புவதோ வைகறையில். வைகறையும் விடியலும் மருதத்துக்கு உரியவை. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். தொல்காப்பியரின் தொலைநோக்கு இங்கேதான் புலப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு அலாரத்தை அலறவிட்டு, லைட்டைப் போட்டு, ஒற்றைச் சாக்ஸைத் தேடி பீரோவை நாலு தடவை திறந்து மூடுகிறவர் வீட்டில் ஊடல் அல்லாமல் வேறென்ன நிகழும்? நெய்தலுக்குரிய இரங்கல், திரும்பி வரும்போது எதிர்காற்றில் நிகழ்கிறது. இப்படித் திணை மயங்குவதில் குற்றமில்லை, நிலம் மட்டும் ஒன்றோடொன்று மயங்கக் கூடாது என்பது தொல்காப்பியர் விதி. ஆகவே கடற்கரைச் சாலையில் போய்ப் பழைய மாமல்லபுரம் சாலை வழியாகத் திரும்புவது இலக்கண வழு.

கருப்பொருள்: உணவு தோசை, விலங்கு நாய். நாய்க்குத் தனி ஆய்வேடு வேண்டும். துரத்திய தூரம், குரைப்பின் கால அளவு முதலியவற்றை அளந்திருக்கலாம். அந்த நேரத்தில் இவ்வாய்வாளர் அளக்கும் மனநிலையில் இல்லை.

அடுத்து, சான்றுகள். முதன்மைச் சான்று குழுவின் வாட்ஸப் செய்திகள். சனி இரவு ‘நாளைக்கு யார் யார் வர்றீங்க?’ என்று ஒருவர் கேட்கிறார். கட்டைவிரல்கள் வரிசையாக விழுகின்றன. ஆவணவியலில் இதைக் கைநாட்டு என்பர். கைநாட்டு வைத்தவர் எல்லாரும் காலையில் வருவதில்லை என்பதால், கட்டைவிரலை மட்டும் நம்பி வரலாறு எழுதுவது ஆபத்து. (வேறு துறைகளில் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இங்கே பேச வேண்டிய விஷயம் அன்று.) விடிகாலையில் ஒரு செய்தி வந்து, அடுத்த நொடியே ‘இச்செய்தி நீக்கப்பட்டது’ என்று ஆகிவிடுவதும் உண்டு. இது சிதைந்த ஏடு. இதன் மூலபாடம் ‘லேசா ஜுரம் ஜி’ என்பது ஒரு சாரார் துணிபு. ‘டயர்ல காத்து இல்ல’ என்பது இரண்டாம் சாரார் கொண்ட பாடம். வேறொருவருக்கு அனுப்ப வேண்டியது கைதவறி இங்கே வந்துவிட்டது என்பாரும் உளர். அது சரியென்றால், பிரச்சினை சைக்கிளியலின் எல்லையைக் கடந்து குடும்பநல நீதிமன்றத்தின் எல்லைக்குள் நுழைகிறது.

மிதிப்போர் நால்வகையினர்: கார்பன் சைக்கிள் வைத்திருப்போர், வாங்கப்போவோர், அண்ணன் மகனின் கியர் சைக்கிளைக் கடன் வாங்கி வந்தோர், அம்பத்தூரில் செய்த பழைய ஹெர்குலிஸில் பால் கேனைக் கட்டிக்கொண்டு இவர்கள் அனைவரையும் முந்திச் செல்வோர். நான்காம் வகையினர் எந்தக் குழுவிலும் உறுப்பினர் அல்லர். கிளீட் ஷூவைப் பெடலிலிருந்து விடுவிக்க மறந்து சிக்னலில் அப்படியே பக்கவாட்டில் சாய்வோர் முதல் மூன்று வகையிலும் காணப்படுகின்றனர்.

காற்று பற்றி இயற்பியலார் சொல்வது இவ்வளவே: காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், அதை எதிர்க்கக் காலில் வேண்டிய சக்தி வேகத்தின் கனத்தோடு ஏறும். மணிக்கு 20 கி.மீ. போகிறவர் 30-க்கு ஏறினால், காற்றுக்கு மட்டும் கொடுக்கும் உழைப்பு மூன்று மடங்கைத் தாண்டிவிடும். முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் பின்சக்கரத்தை ஒட்டியே போகிறவருக்கு இதில் கணிசமான பங்கு மிச்சம். எனவே முறை போட்டு முன்னால் வர வேண்டும் என்பது குழு அறம். தன் முறை வரும்போது சிலருக்குத் தண்ணீர் தாகம் எடுக்கிறது. சிலருக்கு ஷூ லேஸ் அவிழ்கிறது. அந்த ஷூவில் லேஸே கிடையாது.

இனி ஆய்வின் மையம். 1888-இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், மகன் ஓட்டிய மூன்று சக்கரச் சைக்கிள் குலுங்கியதில் தொடங்கி, ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். காற்றடைத்த டயரைத் தந்தவர் என்று அவரைப் பாராட்டுவோர், பஞ்சரைத் தந்தவரும் அவரே என்பதைத் திட்டமிட்டு மறைத்து வருகின்றனர்.

பஞ்சருக்குக் காரணம் சீமைக் கருவேல முள், பாட்டில் சில்லு, லாரி டயர் வெடித்து உதிர்ந்த கம்பி. இவற்றுள் கம்பியே தலை. முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். டயருக்குள் ஒளிந்திருந்து, புது டியூப் போட்டு, காற்றடித்து, எல்லாரும் ஏறி உட்கார்ந்து, முதல் வளைவு தாண்டியதும் மறுபடி வேலையைக் காட்டும். ஆகவே டியூபைக் கழற்றியதும் டயரின் உட்புறத்தைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்ப்பது கட்டாயம். எந்த விரல் என்பதில்தான் சிக்கல். கட்டைவிரல் என்பது கோவளம் பள்ளி. சுட்டுவிரல் என்பது முட்டுக்காடு பள்ளி. ‘வால்டியூப் மாலை’, முள்காண் படலம், பெயரறியா உரைகாரர், சுட்டுவிரலே தகும், கட்டைவிரல் கைநாட்டுக்கு வேண்டும் என்று உரைத்திருக்கிறார். அவ்வுரைக்கு எஞ்சியிருந்தது ஒற்றைப் பிரதி; அதிலும் டீக்கடையில் வடை மடித்துவிட்டார்கள். எண்ணெய் ஊறிய பகுதியை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் படிக்க முடிகிறது. அதைப் படித்த ஒருவர், முள் என்றது ஆகுபெயராய்க் கம்பியைக் குறித்தது என்றார். இன்னொருவர், அப்பகுதி பிற்காலத்து மசால்வடைக்காரரின் இடைச்செருகல், மூலம் மெதுவடைக் காலத்தது என்று இரண்டு தொகுதி எழுதினார். மூன்றாமவர் வடையைச் சாப்பிட்டுவிட்டுப் பேராசிரியர் ஆனார்.

சூழ்ந்து நிற்றல் இப்படி நிகழும். ஒருவர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு மணலில் குந்துகிறார். மற்றவர்கள் வட்டம் கட்டுகிறார்கள். செல்போன் டார்ச் பிடிப்பவர், கை இருக்கும் இடம் தவிர மற்ற எல்லா இடத்தையும் ஒளிமயமாக்குகிறார். சக்கரம் இல்லாத சைக்கிளை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். தரையில் சாய்க்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. ஒருவர் போட்டோ எடுக்கிறார். மருத்துவராயிருக்கும் ஒரு மேடம் மட்டும் சாலைப் பக்கம் திரும்பி நின்று, உரசிக்கொண்டு வரும் பஸ்களைக் கையசைத்து விலக்குகிறார். வட்டத்தில் பயனுள்ள வேலை செய்கிறவர் இவர் ஒருவரே; ஆதலால் போட்டோவில் இவர் விழுவதில்லை. உரையாடல் கீழ்க்காணும் அமைப்பில் இருக்கும்:

“வால்வு நட்டைக் கழட்டிட்டீங்களா ஜி?”

“கழட்டியாச்சு சார்.”

“அதான் தப்பு.”

“கழட்டாம எப்படி சார் டியூபை எடுக்கிறது?”

“அதுவும் சரிதான். டியூப்லெஸ்ஸுக்கு மாறிடுங்கன்னு அன்னிக்கே சொன்னேன்ல?”

மாற்று டியூபும் இல்லை என்றால் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, நொடியில் ஒட்டிவிடுகிறார். அதன் பிறகுதான் வால்வைப் பார்க்கிறார். பைக்குக்கும் காருக்கும் ஒரே மாதிரி வால்வு. ஊர்ச் சைக்கிளுக்கு ரப்பர் வால்டியூப் போட்ட வால்வு. இதுவோ விரல் நீளத்துக்கு ஒல்லியாக, நுனியில் ஊசி போல ஒரு திருகோடு நிற்கும் பிரெஸ்டா வால்வு. “இதுக்குக் காத்து எந்தப் பக்கம் சார் அடிக்கிறது?” என்கிறார். அதற்குப் பித்தளையில், சுண்டைக்காய் அளவுக்கு, ஓர் அடாப்டர் வேண்டும். அது எல்லாரிடமும் உண்டு. எல்லாரும் அதை வேறு பையில் வைத்திருக்கிறார்கள். கடைசியில் யாரோ ஒருவர் பர்ஸின் சில்லறை அறையிலிருந்து அதை எடுக்கும்போது எழும் ஆரவாரம், தேர் நிலைக்கு வரும்போது எழுவது. அந்த அடாப்டர் உரியவரிடம் திரும்பிப் போனதற்குக் கல்வெட்டு, செப்பேடு, வாய்மொழி என எவ்வகைச் சான்றும் இல்லை.

வட்டத்தில் நிற்பவர்கள் செய்த வேலையைக் கூட்டினால் அநேகமாகச் சுழியம் வரும். ஆயினும் எவரும் கிளம்பிப் போவதில்லை. இது ஏன்? ஒப்பாய்வு செய்வோம். 1913 டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் யூஜின் கிரிஸ்தோஃப் என்பவர் பிரனீஸ் மலையின் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது முன் ஃபோர்க் உடைந்துபோயிற்று. பிறர் உதவி பெறக் கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மைல்கணக்கில் நடந்து அடிவாரத்துக் கிராமத்துக் கொல்லுப்பட்டறையை அடைந்து, தாமே இரும்பைக் காய்ச்சி ஃபோர்க்கைப் பற்றவைத்தார். பந்தய அதிகாரிகள் விதி மீறுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்தார்கள். துருத்தியை ஒரு சிறுவன் ஊதினான். அதற்காக அவருக்கு அபராத நேரம் போட்டார்கள். கவனிக்க: அங்கேயும் ஒருவர் வேலை செய்தார், மற்றவர்கள் சூழ நின்றார்கள். ஆனால் ‘அதான் தப்பு’ என்று சொல்ல அங்கே ஒரு ஜி இல்லை. அந்த அதிகாரிகளின் வழிவந்தோர் இன்று நம் பல்கலைக்கழகங்களில் வாய்மொழித் தேர்வு நடத்துகிறார்கள் என்ற கருதுகோளை வேறொரு கட்டுரையில் நிறுவுவேன்.

அளவையியல். களைத்தவர் ஒருவர் “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டால், “இதோ, ரெண்டு கிலோமீட்டர்தான்” என்பது விடை. முட்டுக்காட்டில் கேட்டாலும் இரண்டு. கோவளம் தாண்டிக் கேட்டாலும் இரண்டு. இந்த அலகு நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கி.மீ. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்திலும் செல்லுமா என்று நேரில் கண்டறிய, விமானக் கட்டணம் உட்பட நல்கை கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன்.

இதனோடு சேர்த்து எண்ண வேண்டியது பொய்க்கோளாறு. புதிதாக வந்த தம்பி ஒருவர், கடன் வாங்கிய சைக்கிளில், உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டியதுமே பின்தங்குகிறார். ‘உங்களுக்காக நிற்கிறேன்’ என்றால் அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார். குழுவிலேயே வேகமாக மிதிக்கிறவர் திடீரென்று குனிந்து காது கொடுத்துக் கேட்கிறார். “செயின்ல என்னவோ சத்தம் வருது, நீங்க போய்க்கிட்டே இருங்க” என்று ஓரம் கட்டுகிறார். செயின் அன்று காலைதான் எண்ணெய் போட்டுத் துடைத்த செயின். மூச்சுவிடுகிற சத்தம்கூட அதில் வராது. தம்பி வந்து சேர்ந்ததும் சத்தம் நின்றுவிடுகிறது. “நீங்களும் இப்பதான் வர்றீங்களா? நல்லதாப் போச்சு, சேந்தே போவோம்” என்கிறார். பிரெஞ்சுப் பந்தயத்தில் கடைசியாக வருகிறவருக்கு, ரயிலின் கடைசிப் பெட்டி விளக்கை நினைத்து, ‘சிவப்பு விளக்கு’ என்று பட்டம் உண்டு. இங்கே அந்த விளக்குக்குத் துணையாக இன்னொரு விளக்கு.

இதனால் குழு எப்போதும் இரண்டு மூன்றாகப் பிய்ந்துதான் கிடக்கும். முதல் ஆள் மாமல்லபுரத்தில் தோசைக்குச் சொல்லிவிட்டார். கடைசி ஆள் கோவளத்தில் இளநீர்க்காரரிடம் வழி கேட்கிறார். இதை ஒரே குழு என்பது எவ்வாறு? உரையாசிரியர் நச்சினார்க்கினியர் வழிகாட்டுகிறார். பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் ஒரு சொல்லைத் தூக்கிவந்து, எத்தனையோ அடி தள்ளிக் கிடக்கும் இன்னொன்றோடு பூட்டி, ‘மாட்டு’ என்று இலக்கணமும் காட்டியவர் அவர். கோவளத்தில் நிற்கும் எழுவாயை மாமல்லபுரத்தில் நிற்கும் பயனிலையோடு கூட்டுவது அவருக்குப் பெரிய காரியமா?

இக்கட்டுரையைப் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். ‘பன்னாட்டு’ என்பது அதன் அட்டையில் இருக்கிறது. அலுவலகம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. நிபுணர் குழு வரிவரியாகப் பரிசீலித்து ஏற்றுக்கொண்டதாக அன்று மாலையே கடிதம் வந்தது. கூடவே பதிப்புக் கட்டணத்துக்கு கியூஆர் கோடும். குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன; பணம் விழவில்லை. இணையாசிரியராகப் பெயர் போட்டால் பங்கு தருகிறோம் என்றார்கள். ஒப்புக்கொண்டேன். காற்றடித்தவர் தம் பெயர் முதலில் வர வேண்டும் என்கிறார். டார்ச் பிடித்தவர், வெளிச்சம் இல்லாமல் ஆய்வு ஏது என்று கேட்கிறார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறார் போலும், பதில் இல்லை. கார்பன் சைக்கிள்காரர் மட்டும், தாம் ஒரு வரியும் எழுதவில்லை, படிக்கவும் இல்லை, ஆகவே மேற்பார்வையாளர் என்ற முறையில் பெயர் கடைசியில் வந்தால் போதும் என்கிறார். அவர் பல்கலைக்கழகத் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.