திண்டிவனத்துக்கு ஒரு டிக்கெட்

அலெக்சாண்டர் பெயின் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வாழ்நாளில் இரண்டு காரியம் செய்தார். பள்ளிப் பிள்ளைகளை வதைப்பதற்கென்று ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். தத்துவம் எழுதுகிற இடத்தில், எதை நம்பி ஒருவன் காரியத்தில் இறங்கத் தயாராக இருக்கிறானோ அதுதான் நம்பிக்கை என்று சொல்லிவைத்தார். இரண்டாவதைப் படித்து அமெரிக்காவில் சார்லஸ் பியர்ஸ், வில்லியம் ஜேம்ஸ் கோஷ்டி பிராக்மடிசம் என்று ஒரு தத்துவமே கட்டி எழுப்பியது. முதலாவதைப் படித்து மதுரையில் ஒரு பையன் வீட்டை விட்டு ஓடிப்போனான்.

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளி மாணவன் வேங்கடராமன், வயது 16. பெயின் இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதிவரச் சொல்லி வாத்தியார் தண்டனை. இரண்டு தடவை எழுதினான். மூன்றாவது தடவைக்கு நோட்டைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசாமி, இப்படி இருக்கிறவனுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்கிற தினுசில் ஒரு குத்துக் குத்தினார். உலகத்து அண்ணன்கள் எல்லாரும் அன்றாடம் சொல்கிற வசனம்தான். தம்பிகள் காதில் வாங்குவதில்லை. இந்தத் தம்பி வாங்கிவிட்டான்.

பையன் இப்படி ஆனதற்குக் காரணம் ஆறு வாரம் முன்பு நடந்தது. சொக்கப்ப நாயக்கன் தெரு, சித்தப்பா வீட்டு மாடி. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் திடீரென்று சாவு பயம். டாக்டரைக் கூப்பிடவில்லை, அம்மனுக்கு வேண்டிக்கொள்ளவில்லை. கட்டையாகப் படுத்து, மூச்சை அடக்கி, உதட்டை இறுக்கிக்கொண்டு, சரி, இந்த உடம்பு செத்தாகிவிட்டது, இப்போது ‘நான்’ இருக்கிறேனா என்று பரிசோதித்தான். இருந்தது. சோதனைச் செலவு சைபர்.

ஜேம்ஸுக்கும் வாலிபத்தில் இப்படியொரு கிலி பிடித்ததுண்டு. மனநோய் விடுதியில் பார்த்த ஒரு நோயாளியின் உருவம் மனதில் வந்து நின்று, நாளைக்கு நானும் இப்படித்தானே என்று வயிற்றைக் கலக்கியது. பிற்பாடு அதைப் புத்தகத்தில் எழுதும்போது யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்னதாகப் போட்டுவிட்டார். ஹார்வர்டு பேராசிரியருக்கும் மானம் உண்டல்லவா.

மறுபடி மதுரை. மின்சாரம் பற்றி ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று பையன் எழுந்தான். (ஞானம் வந்த பிறகும் பொய் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணன் இருக்கிற வீடு அப்படி.) அப்படியானால் பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்து என் காலேஜ் ஃபீஸைக் கட்டிவிட்டுப் போ என்றார் நாகசாமி. பையன் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு மிச்சத்தோடு ஒரு சீட்டு எழுதி வைத்தான். ‘நான்’ என்று ஆரம்பித்த சீட்டு நடுவில் ‘இது’ ஆகி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வெறும் கோடாக முடிந்தது. ஆசாமி கரைந்தே போய்விட்டார். ஆனால் ஃபீஸ் இன்னும் கட்டவில்லை, 2 ரூபாய் இத்துடன் இருக்கிறது என்ற கணக்கு மட்டும் கரையவில்லை.

போக வேண்டிய ஊர் திருவண்ணாமலை. அடுத்தது அட்லஸ். பழைய அட்லஸ். விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதை அதில் ஏறவில்லை. ஆகவே திருவண்ணாமலைக்குக் கிட்டத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று தீர்மானமாகி, 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட்டும் வாங்கியாயிற்று. ஸ்டேஷன் கட்டணப் பலகையில் இன்னும் கொஞ்சம் கீழே பார்த்திருந்தால் திருவண்ணாமலை என்றே போட்டிருந்தது, கட்டணம் சரியாக 3 ரூபாய் என்று சரித்திரம் எழுதியவர்கள் இன்றைக்கும் அங்கலாய்க்கிறார்கள். ஜேம்ஸ் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டது இந்த அட்லஸ் ஜாதியோடுதான். தாளில் இல்லாத பாதை தரையிலும் இருக்கக் கூடாது என்று சாதிக்கிற ஜாதி.

வண்டியில் வெள்ளைத் தாடி மௌல்வி ஒருவர். எங்கே தம்பி? திருவண்ணாமலை. டிக்கெட்? திண்டிவனம். அவர் திடுக்கிட்டு, விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறணும் என்று சொல்லிக்கொடுத்தார். பையன் தன்னை மறந்து உட்கார்ந்து, பிறகு கண் திறந்தபோது ஆளைக் காணோம். வந்தது அந்தத் திருவண்ணாமலை அருணாசலமேதான் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. நடந்த அனுபவத்தின் மேல் மனிதர்கள் தங்கள் செலவில் கட்டிக்கொள்ளும் மாடிக்கு ஜேம்ஸ் மிகைநம்பிக்கை என்று பேர் வைத்திருக்கிறார். என் அபிப்பிராயம், இந்த நாட்டில் ரயில் மாறும் இடத்தைச் சரியாகச் சொல்லும் எவரும் கும்பிடத் தக்கவரே.

அப்போது விருத்தாசலம் வழிக் குறுக்குப் பாதை கிடையாது. திருச்சி, தஞ்சாவூர், மாயவரம், கடலூர் என்று ஊர் சுற்றிய வண்டி, ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்குப் பையனை விழுப்புரத்தில் இறக்கியது. திண்டிவனம் வரைக்கும் கொடுத்த காசில் மீதி தூரம் சவுத் இந்தியன் ரயில்வேக்குக் காணிக்கை.

அவன் அங்கே நின்ற நாலாவது மாதம், 1896 டிசம்பரில், ஜேம்ஸ் ஒரு முன்னுரையில் தன் தத்துவத்துக்குத் தீவிர அனுபவவாதம் என்று பேர் சூட்டினார். பின்னாளில் அதற்கு அவர் வைத்த சட்டம் இது: அனுபவத்தில் வராததைக் கணக்கில் சேர்க்காதே, வந்ததை எதற்காகவும் தள்ளாதே. முதல் பாதியைப் பகுத்தறிவாளர்கள் கைதட்டி வரவேற்பார்கள், இரண்டாம் பாதியில் எழுந்து வெளியே போவார்கள். பக்தர்கள் நேர் எதிர். கூடவே இன்னொன்றும் சொன்னார். பழைய அனுபவவாதிகளுக்கு மதுரை ஒரு புள்ளி, திருவண்ணாமலை ஒரு புள்ளி, நடுவே முடிச்சுப் போடுவது மனதின் வேலை. ஜேம்ஸோ முடிச்சும் அனுபவத்திலேயே இருக்கிறது, அதையும் தொட்டுணரலாம் என்றார். இதை எடின்பரோவில் விளக்கினால் தலையைச் சொறிவார்கள். விழுப்புரத்தில் விளக்கவே வேண்டாம். முடிச்சையே ஊராக்கிக் குடியிருப்பவர்கள் அவர்கள்.

ஊருக்குள் வழிகாட்டிப் பலகையில் மாம்பழப்பட்டு என்று இருந்தது. அது திருவண்ணாமலை வழியில்தான் என்பது பையனுக்குத் தெரியாது. பசி. ஒரு ஓட்டலில் போய்க் கேட்டால் சாப்பாடு மத்தியானம்தான் என்றார்கள். அங்கேயே உட்கார்ந்துவிட்டான். சாப்பிட்டு முடித்து 2 அணாவை நீட்டினான். கையில் எவ்வளவு இருக்கிறது என்றார் ஓட்டல்காரர். வழிச் செலவு போக இரண்டரை அணா. வேண்டாம் போ என்றுவிட்டார். எந்தக் கருத்தானாலும் அதன் ரொக்க மதிப்பு என்ன என்று கேள் என்பது ஜேம்ஸின் பிரசித்தமான உபதேசம். விழுப்புரத்துக்காரர் ரொக்கத்தையே விசாரித்துவிட்டு விட்டுக்கொடுத்தார். வழியும் சொன்னார். மிஞ்சிய இரண்டரை அணா மாம்பழப்பட்டு டிக்கெட்டாயிற்று.

அங்கிருந்து பத்து மைல் நடை, அறையணிநல்லூர் கோயில். மண்டபத்தில் உட்கார்ந்தவனுக்கு இடமெல்லாம் ஒரே ஒளி. கருவறையிலிருந்து வருகிறதோ என்று போய்ப் பார்த்திருக்கிறான், அங்கிருந்து இல்லை. மறுபடி வந்து ஆழ்ந்துவிட்டான். இப்படிப்பட்ட அனுபவங்கள் பெரும்பாலும் அரை மணி, மிஞ்சினால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்று ஜேம்ஸ் எழுதியிருக்கிறார். காரணம் எழுதவில்லை. இங்கே காரணம், நடை சாத்த வேண்டும் எழுந்திரு என்று வந்து நின்ற பூசாரி.

கீழூர்க் கோயிலில் சோறு இல்லை என்றார்கள், மேளக்காரர் தன் பங்கைக் கொடுத்தார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் விருந்து. 20 ரூபாய் பெறுமான காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அவரிடம் அடகு வைத்து, ரசீதைக் கிழித்துப் போட்டுவிட்டு, செப்டம்பர் 1 அன்று அட்லஸில் இல்லாத பாதையில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். இனி ‘ர்’ போட்டுத்தான் எழுத வேண்டும். ரமண மகரிஷி 1950 ஏப்ரல் 14 வரை அந்த ஊரை விட்டு நகரவில்லை. ஜேம்ஸின் அரை மணிக் கணக்கு இந்த ஓர் ஆசாமியிடம் செல்லுபடியாகவில்லை.

ஜேம்ஸும் மலை ஏறியவர்தான். 1898 ஜூலையில் அடிரொண்டாக் மலையில் ஓர் இரவு நிலவும் காடும் அவரை ஆட்டிவைத்தன. அந்தப் பயணத்தில் இதயம் பழுதுபட்டதுதான் மிச்சம். 1901, 1902-இல் எடின்பரோவில் சமய அனுபவத்தின் வகைகள் பற்றி 20 சொற்பொழிவு நிகழ்த்தினார்.

அதே வருஷங்களில் தென்னாற்காடு கலெக்டர் ஆபீசில் வருவாய்த்துறை வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, ஆபீஸ் காரியமாகத் திருவண்ணாமலைக்கு வந்தார். மலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த இளைஞரிடம் போய், நான் யார் என்று கேட்டார். பதில்கள் மணலிலும் பலகையிலும் எழுத்தாக வந்தன. 1923-இல் புத்தகமாக அச்சேறும்போது, உடம்பு நானல்ல, புலன்கள் நானல்ல என்று நீளமாக ஒரு பட்டியலும் உள்ளே இருந்தது. இதை நான் சொல்லவில்லையே, எப்படி வந்தது என்றாராம் ரமணர். பிள்ளைவாள் தாம் புரிந்துகொள்வதற்காகச் சேர்த்தது என்று சொன்னார்கள். ஓகோ, அவருக்கு இதெல்லாம் முன்பே பழக்கம் என்று விட்டுவிட்டார். அடங்கலில் இல்லாத பயிரை எழுதிச் சேர்ப்பது வருவாய்த்துறைக்குப் புதிதா என்ன.