அநாதைக் கட்டை தேடி

எங்கள் ஊரில் மரத்துக்குப் பஞ்சமில்லை. சொந்தக்காரன் இல்லாத மரத்துக்குத்தான் பஞ்சம். நோர்வூட் டவுனில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சைதான். ஆனால் தேயிலைக்கு நடுவே நிற்கும் சவுக்கு தோட்டக் கம்பனிக்கு. ரோட்டோர மரம் ரோட்டுக்காரருக்கு. கோயில் மரம் முனியாண்டிக்கு. அதில் கைவைக்கக் கம்பனிக்கே பயம். மேலே சிவனொளிபாதமலையைச் சுற்றிய காடு 1940இலிருந்து சரணாலயம், 2010இலிருந்து உலக மரபுரிமை. அங்கே உளுத்துக் கிடக்கிற குச்சிக்குக்கூட யுனெஸ்கோ காவல். அதுவும் நியாயம்தான். அந்தக் குச்சிக்குள் வண்டு, பூரான், பூஞ்சை என்று ஒரு லயமே குடியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் எனக்கு ஓர்க்கிட் பைத்தியம் பிடித்தது. இங்கே பெய்கிற மழைக்குச் சட்டியில் வைத்தால் வேர் ஊறி அழுகிவிடும். கட்டையில் கட்டித் தொங்கவிட்டால் நனைந்த வேர் காற்றில் காய்ந்துகொள்ளும். காட்டிலும் இந்த வகை ஓர்க்கிட் மரத்தில் தொற்றித்தான் வளர்கிறது, மரத்தின் சாற்றைத் தொடுவதில்லை. மழைத் தண்ணீரும் பட்டையில் சேரும் தூசு தும்பும் போதும். ஒரு பிடி சொந்த மண் கிடையாது, இருப்பது அடுத்தவன் மரத்தில், ஆனாலும் வருஷா வருஷம் பூத்துவிடும். தோட்டத்துக்கு வந்து இருநூறு வருஷமானதற்கு 2023இல் ‘மலையகம் 200’ என்று விழா எடுத்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி எங்கள் நோர்வூட் மைதானத்துக்கே வந்து, தோட்ட மக்களுக்கு மேலும் 10,000 வீடு என்று அறிவித்துவிட்டுப் போனார். வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு லயத்து வாசலில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓர்க்கிட் பேர்ச்சஸ் கேட்பதில்லை. ஒரு கட்டைதான் கேட்கிறது. அதற்கே இந்தப் பாடு.

எல்லாக் கட்டையும் ஆகாது. பைனஸில் பிசின். யூக்கலிப்டஸ் தன் பட்டையைத் தானே உரித்துப் போடும், செடியும் சேர்ந்து விழும். அல்பீசியா சீக்கிரம் உளுத்துவிடும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, தட்டினால் ‘ணங்’ என்று கேட்கவேண்டும். கொய்யா தேறும். கோப்பி ராஜா. 1869இல் இலைத்துரு நோய் வந்து இலங்கைக் கோப்பி படுத்த பிறகு, பட்ட மரங்களைச் சீவிச் சீமைக்கு அனுப்பித் தேநீர் மேசைக்குக் கால் செய்தார்களாம். தோற்றவன் தலையில் ஜெயித்தவனின் கோப்பையை வைக்கிற வித்தை துரைமாருக்குத்தான் வரும்.

தேயிலைக் கட்டையும் வைரம்தான். கவ்வாத்து மிலாறு மெல்லிசு, அடுப்புக்குத்தான் சரி. மீள்நடுகைக்குப் பிடுங்கிய பழைய தூர் கிடைத்தால் முண்டும் முடிச்சுமாக அழகோ அழகு. ஒரே சங்கடம் செம்பு. 1946இல் கொப்புள நோய் இங்கே வந்ததிலிருந்து தேயிலைக்குச் செம்பு மருந்து அடிக்கிறார்கள். தேயிலையைக் காப்பாற்றும் அதே செம்பு ஓர்க்கிட் வேருக்கு எமன். அதனால் தேயிலைத் தூரை ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே போட்டுவைத்த பிறகுதான் தொடுவேன்.

சரி, யாருக்கும் குற்றமில்லாமல் கட்டை எங்கே எடுப்பது? நாலு பக்கமும் யோசித்துப் பார்த்தால் நம் வீட்டு விறகுக் குவியல்தான் மிச்சம். எப்படியும் எரியப்போகிற கட்டை. அனுமதி ஒரே ஆளிடம் வாங்கினால் போதும். அந்த ஒரே ஆள் என் அம்மா. கம்பனியே தேவலாம்.

அம்மா கொழுந்து பறித்து ஓய்ந்தவர். 2022இல் கேஸ் இல்லாமல் ஊரே அலைந்தபோது, விறகு அடுக்கை வைத்து லயத்தில் ராணி மாதிரி இருந்தவர். “அடுப்புல வைக்கிறத ஆணில மாட்டுறியேடா! பூவையா அவிச்சுத் திங்கப் போற?” என்றார். கடைசியில் ஓர் ஒப்பந்தம்: நான் ஒரு கட்டை எடுத்தால் இரண்டு கட்டை பிளந்து அடுக்கவேண்டும். வனத் திணைக்களம்கூட இவ்வளவு கறாராக மறுநடுகை கேட்டதில்லை.

எடுத்த கட்டையைக் குளிக்கத் தண்ணீர் சுடவைக்கும் அண்டாவில் போட்டு அவிப்பேன். எறும்பு முதலில் வெளியேறும், அட்டை கடைசியில். வெந்த கட்டையைத் தேய்த்து, வெயில் வந்தால் காயவைத்து (எங்கள் ஊரில் இது பெரிய ‘வந்தால்’), செடியைத் தங்கூசியால் கட்டுவேன். இறுக்கினால் வேர் நசுங்கும், தளர்ந்தால் செடி ஆடும். ஆடுகிற செடி வேர் பிடிக்காது. பச்சை முனையோடு புது வேர் பட்டையில் பசைபோட்ட மாதிரி ஒட்டிக்கொண்டதும் நூலை அறுத்துவிடலாம். பாசி வேண்டுமென்றால் காட்டுப் பாறையைச் சுரண்டாமல், வீட்டுக்குப் பின்னால் கான் சுவரில் வழிப்பேன். அதற்கு மட்டும் இதுவரை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

தோட்டத்து வாச்சர் மாமா ஒருவர் இருக்கிறார். காற்றில் முறிந்த சவுக்குக் கிளையை நான் நின்று பார்த்தாலே, “சேர், கண்ணால பாக்கலாம், கையால வேணாம்” என்று விசில் ஊதுவார். போன மாதம் அவரே எங்கள் வாசலுக்கு வந்தார். மகளுக்கு ஓர்க்கிட் வேண்டுமாம். கக்கத்தில் படங்கு சுற்றிய ஒரு பொதி. பிரித்தால் அருமையான கோப்பிக் கட்டை, கிளை பிரியும் இடத்தோடு.

“இது எங்க எடுத்தது மாமா?”

“அதெல்லாம் கேக்காதீங்க சேர்.”

கொள்கை என்று ஒன்று இருக்கிறதே, விடாமல் கேட்டேன்.

“மாமியா வீட்டு வேலிக் கட்டை. மாடு முட்டி சாஞ்சிருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“அவங்க வீட்டுப் பக்கம் மாடு ஏது மாமா?”

“அதத்தான் சேர், ரெண்டு நாளா அவங்களும் தேடிக்கிட்டு இருக்காங்க.”