எங்க ஊர்லயும் ஒண்ணு இருக்குங்கய்யா

பாடம் எதுவானாலும் நம்மாளுக்குக் கவலையில்லை. ‘ஒரு புளியமரத்தின் கதை’யா? அவர் ஊர்க் கண்மாய்க்கரையிலும் ஒரு புளியமரம் நிற்கிறது. சிலப்பதிகாரமா? அவருடைய அப்பத்தாவின் கொலுசு ஒன்று அடகுக்கடையில் மூழ்கியிருக்கிறது. மணிமேகலையின் அமுதசுரபியா? அப்பத்தா ஒரு படி அரிசியில் தெருவுக்கே சோறு போட்டவர். பட்டினப்பாலையிலாவது சற்றுத் திணறுவார் என்று எதிர்பார்ப்போம். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த குதிரைகளுக்கும் மிளகு மூட்டைகளுக்கும் கண்மாய்க்கரைக் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அப்பத்தாவின் தம்பி தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எம்.ஏ. தமிழ் வகுப்பில் ஒரு பருவம் முடிவதற்குள் ஔவையாரைவிட இந்த அப்பத்தா எல்லோருக்கும் நெருக்கமாகிவிடுகிறார். ஔவையார் எத்தனை பேர் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் வழக்கு உண்டு. அப்பத்தா ஒருவர்தான், ஆனால் உழவைப் பற்றிய பாடத்தில் அவருக்கு ஐந்து ஏக்கர் நஞ்சை இருக்கிறது, வறுமையைப் பற்றிய பாடத்தில் கால் வயிற்றுக் கஞ்சிதான். இந்த முரணைத் தீர்க்க இன்னும் எவரும் ஆய்வேடு எழுதவில்லை.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ செமினாருக்கு வரும் நாளில் இவருடைய முறையை அருகிலிருந்தே பார்த்துவிடலாம். கதையின் தொடக்கத்தில் பிள்ளைகள் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள், டிக்கெட் கொடுக்கிறார்கள். நம்மாள் எழுகிறார், சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொள்கிறார், “ஐயா, இதைப் படிச்சதும் எங்க அப்பத்தா வீட்டுக் கதவு ஞாபகம் வந்துருச்சுங்கய்யா” என்கிறார். அதற்குப் பிறகு கி.ரா.வுக்கு வேலையில்லை. கதவு வேங்கை மரம். இழைத்தவர் காரைக்குடிப் பக்கத்து ஆசாரி. குமிழ் பித்தளை. தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம். எண்ணெய் விட்டால் இரண்டு நாள் சொன்ன பேச்சைக் கேட்கும். மழைக்காலத்தில் பலகை உப்பிக்கொள்ளும். பொங்கலுக்கு வார்னிஷ் அடித்தது எந்தச் சித்தப்பா, கூப்பிட்டும் வராதது எந்தச் சித்தப்பா என்பதுவரை வகுப்பு தெரிந்துகொள்கிறது. கதையில் அந்தக் கதவைத் தீர்வை பாக்கிக்காகப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பதும், அதன் பிறகு திறந்து கிடக்கும் வீட்டுக்குள் குளிர்காற்று நுழைகிறது என்பதும் மட்டும் கடைசிவரை பேச்சில் வருவதில்லை. டிக்கெட் கொடுக்கும் இடம் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஜப்திக்குத் தாளைப் புரட்ட வேண்டும். இவருடைய வாழ்வனுபவம் முழுவதும் எல்லா நூல்களின் முதல் இரண்டு பக்கங்களோடு மட்டுமே ஒத்துப்போவது தற்செயல் என்று நம்புவது கடினம்.

தாளைப் புரட்டச் சோம்பல் என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. இவர் கைவைக்கும் இடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: மரம், கொலுசு, கதவு, மழை. எல்லாம் பொருள்கள். அந்தப் பொருளுக்கு என்ன நேர்ந்தது, அதை வைத்து யார் யாரை என்ன செய்தார்கள் என்பது இவருடைய கணக்கில் வருவதே இல்லை. சுந்தர ராமசாமியின் அந்தப் புளியமர நாவலில் கடைத்தெருப் போட்டியும் நகராட்சி அரசியலும் மரத்தைச் சுற்றி இறுகி, கடைசியில் மரத்தையே காவு வாங்குகின்றன. நம்மாளின் புளியமரத்தில் ஊஞ்சல் மட்டும் கட்டியிருக்கிறது. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது ஊரே இரண்டுபட்டுச் சண்டை போட்டது. இவருக்கு அது பஸ் ஸ்டாப்பில் நனைந்த கதை. தாய் மகளின் தலையில் தண்ணீர் ஊற்றும் இடத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால், அதற்குள் மழை விட்டுவிட்டது என்பார். பொருளைப் பிடித்துக்கொண்டால் ஊருக்குத் திரும்பிவிடலாம். நடந்ததைப் பிடித்துக்கொண்டால் கதைக்குள்ளேயே இருந்தாக வேண்டும், கூடவே ஒரு கருத்தும் சொல்லியாக வேண்டும்.

வாழ்க்கையோடு சேர்த்துப் படிப்பதுதானே படிப்பு, அதைப் போய்க் கேலி செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, ஆனால் அதைக் கேட்பவர்கள் தங்கள் பக்கத்துச் சாட்சியை முழுவதும் விசாரிப்பதில்லை. வாசகரின் அனுபவம் இல்லாமல் இலக்கியமே இல்லை என்று 1938இலேயே ஒரு புத்தகம் முழுக்க வாதாடியவர் அமெரிக்கப் பேராசிரியர் லூயிஸ் ரோசன்பிளாட். நம்மாளுக்குக் கோயில் கட்டியிருக்க வேண்டிய அந்த அம்மையாரே இரண்டு நிபந்தனைகள் வைத்தார்: நீ சொல்லும் பொருளை நூலின் எந்தப் பகுதியும் மறுக்கக் கூடாது, நூலில் சொல் ஆதாரம் இல்லாத எதையும் நீ அதன்மேல் ஏற்றக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையில் காரைக்குடி ஆசாரி அடிபட்டுப்போகிறார். அதற்கும் முன்பே கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர்களின் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்ததையெல்லாம் திரட்டி 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்ற நூலாகக் கொண்டுவந்தார். கவிதையைச் சரியாகப் படிக்கவிடாத தடைகள் என்று அவர் வகைப்படுத்திய பத்தில் ஒன்று, வாசகரின் சொந்த ஞாபகம் சம்பந்தமில்லாமல் குறுக்கே வந்து உட்கார்வது. ஆக, நம்மாள் கண்மாய்க்கரைக்கு மட்டும் சொந்தமில்லை. கேம்பிரிட்ஜ் வகுப்பறையிலும் ஓர் அப்பத்தா இருந்திருக்கிறார்.

தமிழ்த்துறைக்காரர்கள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான மறுப்பு ஒன்றை வைத்திருப்பார்கள். அகப்பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. தொல்காப்பியமே அப்படித்தான் விதிக்கிறது. தலைவன், தலைவி, தோழி என்று இடங்களைக் காலியாக விட்டிருப்பது வாசிப்பவர் உள்ளே வந்து உட்காரத்தானே? உட்காரத்தான். ஆனால் பெயரை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும். இந்த விஷயத்தில் பழைய உரைகாரர்கள் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பதற்கு நெடுநல்வாடை ஒன்று போதும். 188 அடிகள், பிரிவில் வாடும் தலைவி, பாசறையில் இருக்கும் தலைவன், வாடைக்காற்று என்று அகத்துக்கு வேண்டிய அத்தனையும் உண்டு. ஆனால் வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது என்று ஓரிடத்தில் வந்துவிடுகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். ஆளைச் சுட்டிக் காட்டிவிட்டதே என்று நச்சினார்க்கினியர் பாட்டையே புறத்தில் சேர்த்துவிட்டார். ஒரு வேப்பந்தழைக்கே இந்தக் கதி. நம்மாளோ குறுந்தொகைக்குள் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, அப்பத்தாவின் முதியோர் பென்ஷன் புத்தகம் எல்லாவற்றோடும் நுழைகிறார். நாலு அடியிலிருந்து எட்டு அடிவரை உள்ள சின்ன வீடு அது. இவ்வளவு சாமானை இறக்கினால் தலைவி எங்கே நிற்பாள்?

வாழ்க்கையை நூலுக்குள் கொண்டுவருவதற்கு நல்ல வழி இருக்கிறது என்பதற்கும் நம்மிடமே சாட்சி உண்டு. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது உ.வே.சாமிநாதையருக்குச் சமண சமயச் செய்திகள் விளங்கவில்லை. கும்பகோணத்திலிருந்த சமணர்களின் வீடுகளுக்கு நடையாய் நடந்து, அவர்கள் வழக்கத்தில் வைத்திருந்தவற்றைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் வெளிவந்த பதிப்பில் அந்த நடையின் பயன் இருக்கிறது. அவர் வீட்டு வாசலில் நின்றது நூலில் ஓர் இடம் புரியாததால். நம்மாள் நூலின் வாசலில் நிற்பது வீட்டு ஞாபகம் வந்துவிட்டதால். ஐயர் சமணர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “எங்க உத்தமதானபுரத்திலும் இப்படித்தான்” என்று ஆரம்பித்திருந்தால் சிந்தாமணி இன்றைக்கும் ஏட்டில்தான் இருந்திருக்கும்.

இன்னொரு மறுப்பை மட்டும் லேசில் தள்ளிவிட முடியாது. கைடு வாங்கி, ஆசிரியர் குறிப்பு, நூற்குறிப்பு, அணிநயம் என்று உருப்போட்டு ஒப்பித்த தலைமுறையைவிட இவர் மேல் இல்லையா? மேல்தான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளை, தன் ஊர்ப் பேச்சிலேயே, பயமில்லாமல் எழுந்து நின்று பேசுகிறதே என்றால் அதில் பெருமைப்படவும் இடமிருக்கிறது. அந்த அப்பத்தாவும் லேசுப்பட்டவர் அல்ல. நம்மாள் சொல்வதில் பாதியை நம்பினாலே, பாடத்திட்டத்தில் இருக்கும் சில நாவல்களைவிட அவர் நல்ல வாசிப்பு. ஆனால் கைடைப் படித்தவனும் கதையைப் படிக்கவில்லை, இவரும் படிக்கவில்லை. முந்தையவனிடம் தப்பாவது கண்டுபிடிக்கலாம். உவமையை உருவகம் என்று எழுதினால் அடிக்கலாம். உங்கள் அப்பத்தா வீட்டுத் தாழ்ப்பாள் இறுக்கமில்லை என்று எந்தப் பேராசிரியர் சிவப்பு மையில் எழுத முடியும்? யாரும் மறுக்க முடியாத பதிலுக்கு மதிப்பெண் போடுவதும் அவ்வளவு சுலபம். அதனால்தான் ‘இக்கதையை உன் வாழ்வோடு தொடர்புபடுத்திக் கட்டுரை வரைக’ என்ற கேள்வி அசைன்மென்ட் தாள்களில் இப்படிப் பெருகிவிட்டது. கேட்பவரும் கதையைப் புரட்ட வேண்டியதில்லை, எழுதுபவரும் புரட்ட வேண்டியதில்லை, இன்டர்னல் மதிப்பெண் 25க்கு 23.

உண்மையில் எரிச்சல் வருவது வேறோர் இடத்தில். ‘கதவு’க்குப் பொருத்தமான அனுபவம் இன்றைக்கு இல்லாமலா போய்விட்டது? குழுக்கடனுக்குத் தவணை தவறிய வாரத்தில் வசூலுக்கு வந்தவர் பணம் வாங்காமல் போகமாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்திருப்பதும், உள்ளேயிருந்து பிள்ளையை அனுப்பி “அம்மா இல்லை” என்று சொல்லவைப்பதும் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். அதை வகுப்பில் சொல் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, சொல்லவும் வேண்டாம். ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு கி.ரா.வைப் படித்த ஒருவர் பித்தளைக் குமிழோடு நிறுத்திக்கொள்ளமாட்டார். கடைசி பெஞ்சில் அப்படிப் படித்துவிட்டு வந்த பெண் பெரும்பாலும் ஒருத்தி இருப்பாள். தீர்வை பாக்கிக்கு வேறெதையும் எடுக்காமல் கதவை ஏன் எடுத்தார்கள் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். வகுப்பில் வருகைப்பதிவு பத்து நிமிடம், சுற்றறிக்கை ஐந்து நிமிடம், வார்னிஷ் இருபத்தைந்து நிமிடம் என்று கரைந்தால் அந்தச் சந்தேகத்துக்கு எங்கே நேரம்? அவள் புத்தகத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மூடிவைக்கிறாள். இது அநியாயம். நம்மாளுக்கு அது தெரியாது. தெரிந்த ஆசிரியர்களும் பேசாமல் இருக்கிறார்கள்.

கேள்வியைத் திருப்பிப் போடலாம். ‘உன் வீட்டுக் கதவோடு இந்தக் கதவு ஒத்துப்போகாத மூன்று இடங்களைப் பக்க எண்ணோடு எழுதுக’ என்று கேட்கலாம். அப்பத்தாவை வெளியே அனுப்ப வேண்டியதில்லை. அவரும் இருக்கட்டும், ஒப்பிடுவதற்கு ஆள் வேண்டுமே. நம்மாள் நிச்சயம் எதிர்ப்புத் தெரிவிப்பார். “பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறுமேங்கய்யா” என்பார். மாறட்டும். அதை நிரூபிக்கவாவது இரண்டு பதிப்பைப் புரட்ட வேண்டியிருக்கும்.